பழைய வேட்டியின் கணக்கு

பல வருடம் உடுத்தி நைந்த எட்டு முழ வேட்டியின் கரையில் கத்தரியால் ஒரு வெட்டுக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால், இழை பிசகாமல் நேராகக் கிழியும். நீளவாக்கில் ஆறு, அகலவாக்கில் இரண்டு என்று கிழித்தால் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் சதுரமாகப் பன்னிரண்டு துண்டு தேறும். ஒரு துண்டை முக்கோணமாக மடித்து, நடு முனையைக் கால்களுக்கு இடையில் கொண்டுவந்து, பக்க முனைகளை இடுப்பில் முடிந்தால் பிறந்த குழந்தைக்கு லங்கோடு தயார். தமிழ்நாட்டு வீடுகளில் பிரசவத்துக்கு முன்பே அப்பாவின் வேட்டியோ தாத்தாவின் வேட்டியோ இப்படிக் கிழிபட்டுத் துவைத்து மடித்து வைக்கப்படும். இன்று அதே வீட்டுக்குள் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து நுழையும்போதே டயப்பர் பாக்கெட்டும் கூடவே நுழைகிறது. துணிதான் நல்லது, காசும் மிச்சம் என்கிறார் பாட்டி. துவைக்கிற பாட்டுக்கு இதுவே மலிவு என்கிறார்கள் இளம் பெற்றோர். இரண்டுக்கும் நடுவில், பட்டன் வைத்துத் தைத்த ‘துணி டயப்பர்’ என்ற மூன்றாவது பொருளைக் கடைக்காரர் நீட்டுகிறார். மூவரும் சிக்கனம் என்றுதான் பேசுகிறார்கள். ஆனால் மூவர் கணக்கிலும் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது. பிறந்த முதல் மூன்று மாதத்துக்குத் துணியே சிக்கனம். விடுபட்ட வரிகளை எழுதிக் கூட்டினாலும் அது மாறாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த வரிகளில் பெரியது துவைக்கிறவரின் உழைப்பு. அதை எழுதாத வீட்டில் நடப்பதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. அது ஒருவர் செலவை இன்னொருவர் தலையில் கட்டும் வேலை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டயப்பர் பற்றிய பேச்சில் பிறந்து பத்து நாளான குழந்தையும் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இருவரின் உடம்பும் வேறு, தேவையும் வேறு. பச்சிளம் குழந்தை ஒரு தடவை கழிக்கும் சிறுநீர் சில தேக்கரண்டி அளவே இருக்கும். ஆனால் அடிக்கடி கழிக்கும். பால் குடித்தவுடன் மலம் கழிப்பது முதல் வாரங்களில் சாதாரணம். அதனால் எதைக் கட்டினாலும் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு தடவை மாற்றத்தான் வேண்டும். கடை டயப்பரின் திறமை முழுவதும் அதற்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியில் இருக்கிறது. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும் பொருள் அது. நாலைந்து தடவை கழித்த சிறுநீரைத் தாங்கும் அந்த டயப்பரை, ஒரு கரண்டி மஞ்சள் மலம் பட்டதற்காகக் கழற்றி எறிகிறோம். அதாவது எந்தத் திறமைக்காகக் காசு கொடுத்தோமோ அதைப் பயன்படுத்தாமலே எறிகிறோம். எட்டு மாதக் குழந்தை இரவு முழுதும் தூங்கும்போது அந்தத் திறமைக்கு வேலை இருக்கிறது. பத்து நாள் குழந்தையிடம் இல்லை. துணியின் நிலை இதற்கு நேர் எதிர். அதன் தாங்குசக்தி குறைவு, ஆனால் ஒரு தடவைக்கு மேல் தாங்க வேண்டிய அவசியமே இங்கே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் எளிதாகக் கரைந்து போகும். புட்டிப்பாலும் இணை உணவும் வந்தபின் மலம் கெட்டிப்பட்டுத் துணியில் அப்பும். அப்போது துவைக்கும் வேலையின் தன்மையே மாறிவிடும். ஆகவே துணிக்கு மிகப் பொருத்தமான காலம் ஒன்று உண்டென்றால் அது இந்த முதல் மூன்று மாதம்தான்.

துணிக்கு இன்னொரு பயனும் உண்டு. அதை யாரும் காசுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிறந்த குழந்தைக்குப் பால் போதுகிறதா என்பதை அளக்கத் தாயிடம் அளவுகோல் எதுவும் கிடையாது. மார்பில் எத்தனை மில்லி இறங்கியது என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால்தான் பரிசோதனைக்குப் போனால் நர்ஸ் முதலில், ‘ஒரு நாளைக்கு எத்தனை தடவை யூரின் போகுது?’ என்று கேட்கிறார். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் போனால் பால் போதுகிறது என்று கொள்ளலாம். துணி கட்டிய வீட்டில் இந்தக் கேள்விக்குக் கொடியைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். முதல் இரண்டு மூன்று நாள் தார் போலக் கரும்பச்சையாக வரும் மலம், பிறகு பச்சை கலந்து, கடுகு அரைத்த மஞ்சளுக்கு மாறுவதையும் வெள்ளைத் துணி தெளிவாகக் காட்டும். முதல் நாட்களில் சிலநேரம் செங்கல் தூளைத் தடவியது போல ஒரு கறை படியும். அது இரத்தமல்ல, சிறுநீரில் உள்ள யூரேட் படிகம். மூன்று நான்கு நாளுக்குப் பிறகும் அது தொடர்ந்தால் குழந்தைக்குப் பால் பற்றவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஈரம் பட்டால் நிறம் மாறும் கோடு டயப்பரிலும் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் கோடு நனைந்தது என்று சொல்லுமே தவிர எத்தனை தடவை நனைந்தது என்று சொல்லாது. காய்ந்தது போல் தோன்றவைப்பதுதான் டயப்பரின் நோக்கம். ஆனால் பால் சுரந்து நிலைப்படும் முதல் பத்து நாளில், அந்த ஈரத்தின் எண்ணிக்கைதான் தாய்க்குத் தெரியவேண்டிய செய்தி.

இனி ரூபாய்க் கணக்கு. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் கணக்கு எளிதாக இருக்கச் சில எண்களை வைத்துக்கொள்வோம். படிப்பவர் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்க்கலாம். டயப்பர் ஒன்று 10 ரூபாய், கொஞ்சம் இழுத்துப் பிடித்து நாளொன்றுக்கு எட்டு என்றால் நாளுக்கு 80 ரூபாய். மூன்று மாதத்துக்கு 7,200 ரூபாய். துணி வழியில், மூன்று எட்டு முழ வேட்டியில் 36 துண்டு. வீட்டில் கிடக்கும் பழசு என்பதால் விலை இல்லை. இரண்டு ரப்பர் ஷீட், மூன்று மாதத்துக்குச் சோப்பு எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்று தாராளமாகவே போடலாம். மிச்சம் 6,000 ரூபாய். துணியின் பக்கம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். மலத்தைத் தட்டிவிட்டு அலசி, ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கசக்கி, இரண்டு தண்ணீரில் அலசிப் பிழிந்து, கொடியில் போட்டு, எடுத்து மடிப்பது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாவது பிடிக்கும். தொண்ணூறு நாளைக்குத் தொண்ணூறு மணி நேரம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்த அளவில் போட்டால்கூடத் துவைத்த கூலி 3,780 ரூபாய். சிக்கனம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஆறாயிரத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல், கொடுக்கப்படாத கூலி. அதைக் கழித்த பிறகும் 2,220 ரூபாய் மிஞ்சுகிறது. ஆகவே துணி தோற்கவில்லை. ஆனால் அதன் வெற்றி, சொல்லப்படுகிற அளவில் பாதிகூட இல்லை.

அந்த மிச்சமும் ஒழுகிப் போக ஒரு வழி இருக்கிறது. அதுதான் கடையில் விற்கும் துணி டயப்பர். வெளியே நீர்புகாத உறை, உள்ளே செருகும் பஞ்சுப் பட்டை, இடுப்பைக் கூட்டிக் குறைக்கப் பட்டன் வரிசை என்று நன்றாகவே தைத்திருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அது நல்ல பொருள். இரண்டு வருடம் உழைத்தால் போட்ட காசு திரும்பிவிடும். சிக்கல் அதன் அளவில் இருக்கிறது. ‘எல்லா வயதுக்கும் ஒரே அளவு’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஐந்து கிலோவிலிருந்துதான் சரியாகப் பொருந்தும். நம் ஊரில் மூன்று கிலோவுக்கும் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அந்தக் குச்சிக் கால்களைச் சுற்றி இடைவெளி விழுந்து, நீராகப் போகும் மலம் அந்த வழியே முதுகு வரை போகும். பச்சிளம் குழந்தைக்கென்று சிறிய அளவில் தைத்ததை வாங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் அது பத்தாமல் போகும். ஒன்று 350 ரூபாய் என்று வைத்துப் பன்னிரண்டு வாங்கினால் 4,200 ரூபாய். மேலே மிஞ்சிய 2,220 அதிலேயே கரைந்து கையை விட்டும் போகிறது. போதாததற்குப் புதுத் துணியில் கஞ்சி இருக்கும். நாலைந்து துவைப்புக்குப் பிறகுதான் நன்றாக உறிஞ்சும். பழைய வேட்டி அந்தப் படிப்பை எப்போதோ முடித்துவிட்டது. வேட்டியிலும் எல்லாம் ஒன்றல்ல. பாலியஸ்டர் கலந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக உருண்டு நிற்கும். பருத்தி என்றால் உடனே குடிக்கும். கிழிப்பதற்கு முன் இந்த ஒரு சோதனை போதும். வாசனைக்கும் மென்மைக்கும் கடைசி அலசலில் ஊற்றும் திரவம் இழைமேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைக்கும். காசு கொடுத்துத் துணியைக் கெடுப்பது அது. கறையைப் போக்கவும் மருந்து வேண்டாம். தாய்ப்பால் மலத்தின் மஞ்சள், ஈரத்தோடு இரண்டு வெயிலில் காய்ந்தால் மங்கிப் போகும். முதல் நாட்களின் தார்க்கறை மட்டும் போகாது. அதற்கென்று மிகவும் நைந்த துண்டுகளை ஒதுக்கி, பயன்படுத்தியதும் எறிந்துவிடுவதே நல்ல கணக்கு.

உழைப்பு வரிக்குத் திரும்புவோம். வாதத்தின் எடை அங்கேதான் இருக்கிறது. துணி மிகச் சிறப்பாகப் பயன்படும் அந்த முதல் மூன்று மாதத்தில்தான், துவைக்க வேண்டியவளாகக் கருதப்படும் பெண் மிகவும் தளர்ந்திருக்கிறாள். 2019-21-இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடந்தவை. ஏறக்குறைய இரண்டில் ஒரு தாய் வயிற்றில் தையலோடு வீடு திரும்புகிறாள். அவளால் துவைகல்லின் முன் குந்தி உட்கார முடியாது. தண்ணீர் நிறைந்த பக்கெட்டைத் தூக்கவும் கூடாது. சுகப்பிரசவமான பெண்ணையும் பச்சை உடம்புக்காரி என்றுதான் நம் வழக்கம் சொல்கிறது. பத்தியச் சாப்பாடும் ஓய்வும் அவளுக்கு விதித்திருக்கிறது. ‘எங்கள் காலத்தில் எல்லாம் துணிதான், யாருக்கு என்ன குறைந்துவிட்டது?’ என்ற கேள்வியை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து வசதியான வீடுகளில் பிரசவத் துணியை வெளுத்தவர்கள் வண்ணார் சமூகப் பெண்கள். தீட்டுத் துணி என்று வீட்டார் தொடத் தயங்கியதை, சாதி அவர்கள் தலையில் ஏற்றிய கடமையாக, தானியத்துக்கும் மீந்த சோற்றுக்கும் துவைத்துக் கொடுத்தார்கள். வசதியில்லாத வீட்டில் பாட்டியோ அத்தையோ மூத்த மகளோ துவைத்தாள். யாருக்கும் எதுவும் குறையவில்லை என்று சொல்வதென்றால் இவர்களைக் கணக்கில் சேர்க்காமல்தான் சொல்ல முடியும். பழைய முறையின் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அது ஓடியது யார் முதுகில் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

டயப்பரால் அந்த உழைப்பு மறைந்துவிட்டது என்று நினைப்பதும் அதே தவறுதான். அது வீட்டு வாசலைத் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவே. மேலே பாலிபுரோப்பிலீன் விரிப்பு, நடுவில் மரக்கூழும் பாலிஅக்ரிலேட்டும், அடியில் பாலிஎத்திலீன் தாள் என்று ஒன்றோடொன்று ஒட்டிய பொருள் அது. மட்கவும் செய்யாது, பிரித்தெடுக்கவும் முடியாது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், டயப்பரைத் தனியாகச் சுற்றி மக்காத குப்பையோடு போடச் சொல்லியிருந்தன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளரே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தன. எத்தனை வீட்டில் அப்படிச் சுற்றிப் போடுகிறோம் என்பதைக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தால் தெரியும். மக்காத குப்பை என்பது கையால் பிரிக்கப்படும் குப்பை. உள்ளே மலத்தோடு உப்பிக் கிடக்கும் டயப்பரைக் காகிதத்திலிருந்தும் பால் கவரிலிருந்தும் பிரித்து எடுப்பது தூய்மைப் பணியாளரின் கை. நகராட்சி வண்டி வராத ஊர்களில் அது ஏரிக்கரைக்கும் வாய்க்காலுக்கும் போகிறது. நாய் இழுத்துவந்து தெருவில் பரப்புகிறது. ஆகவே துணியா டயப்பரா என்ற கேள்விக்குள், ஒரு குழந்தையின் மலத்தைக் கையால் தொட வேண்டியவர் யார் என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. துணி அந்த வேலையை வீட்டுக்குள் வைத்திருக்கிறது. அதுவே துணியின் சுமை. துணிக்கு ஆதரவான மிக வலுவான நியாயமும் அதுதான். வீட்டுக்குள் இருக்கும் வேலையை வீட்டுக்குள் பங்கு போட முடியும்.

தோல் விஷயத்தில் இரு தரப்பும் உறுதியாகப் பேசுகின்றன. சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. குழந்தையின் தொடை இடுக்கும் புட்டமும் வெந்து சிவப்பதற்குக் காரணம் ஈரம் மட்டுமல்ல. சிறுநீரும் மலமும் கலந்து கிடக்கும்போது, மலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். தோலின் அமிலத்தன்மை குறையும். கொழுப்பையும் புரதத்தையும் செரிக்கும் மல நொதிகள் அப்போது முடுக்கம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்கும். ஒரே கால அளவுக்கு நனைந்த துணியையும் நனைந்த டயப்பரையும் விட்டுவைத்தால், ஈரத்தைத் தோலிலிருந்து இழுத்துக்கொள்ளும் டயப்பரே நல்லது. இதைத் துணியின் ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வீட்டில் இரண்டும் ஒரே கால அளவுக்கு விடப்படுவதில்லை. துணி நனைந்தால் குழந்தை சிணுங்கும், படுக்கை ஈரமாகும், உடனே மாற்றுவார்கள்; டயப்பர் தாங்கும் என்பதற்காகவே விட்டுவைப்பார்கள். மலம் பட்டபின் விட்டுவைத்தால் எந்தப் பொடியும் காப்பாற்றாது. இந்தக் கேள்வியில் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2006 மதிப்பீடு, தோல் புண்ணைத் தடுக்க டயப்பர் உதவுகிறது என்றோ உதவவில்லை என்றோ சொல்லத் தரமான சான்று போதவில்லை என்றுதான் முடித்தது. நடைமுறையில் இதன் பொருள் எளிது. மாற்ற ஆள் இருக்கும் வீட்டில் துணியால் தோலுக்குக் கெடுதல் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் துணி, டயப்பரைவிட மோசம். துணி கட்டி, அது ஒழுகாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் ஜட்டி மாட்டுவது இரண்டின் குறைகளையும் ஒன்றுசேர்ப்பது: துணியின் ஈரமும் உண்டு, காற்றும் போகாது. நனைந்தது தெரியவேண்டும் என்பதற்காகக் கட்டும் துணியை மூடி மறைத்துவிட்டு என்ன பயன்?

பழைய துணிக்கே உரிய ஒரு ஆபத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பீரோவிலும் இரும்புப் பெட்டியிலும் மடித்து வைத்த வேட்டி சேலைகளுக்கு இடையே நாம் போடும் அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலினால் ஆனது. ஜி-6-பி-டி என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு. இந்தியாவிலும் அது அரிதல்ல. நாப்தலின் ஏறிய துணியை அந்தக் குழந்தைக்குச் சுற்றினால், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உள்ளே போய் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். பிறந்தவுடன் இந்தக் குறைபாட்டுக்குப் பரிசோதனை செய்யாத குழந்தைகளே அதிகம் என்பதால், யாருக்கு இருக்கிறது என்று பார்த்து விலக்க வழியில்லை. அந்துருண்டை வாசனை வரும் துணியைக் குழந்தைக்கு எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. துணிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதும் தேவையில்லாத வேலை. புகையால் கிருமி சாகாது, பிஞ்சு நுரையீரலுக்கு எரிச்சல்தான் மிச்சம். கிருமிநாசினியில் முக்கிச் சரியாக அலசாமல் கட்டினால் தோல் எரியும். சோப்பு, நல்ல தண்ணீர், வெயில் மூன்றும் போதும். அலசிய முதல் தண்ணீரை முற்றத்திலோ சாக்கடையிலோ கொட்டாமல் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். சின்னக் குழந்தையின் மலம்தானே என்று நாம் நினைத்தாலும் நோய் பரப்புவதில் அதற்கு வயது வித்தியாசம் கிடையாது. தொப்புள்கொடி உதிரும்வரை லங்கோட்டின் முடிச்சு தொப்புளுக்குக் கீழே இருக்க வேண்டும். எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகளுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டிய உடம்புச் சூடு, 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தையிடம் ஈரத்துணியாலேயே இறங்கிவிடும். அங்கே சூட்டைக் காப்பதே முதல் வேலை. காசு மிச்சம் அப்புறம்.

சுற்றுச்சூழல் வாதம் துணிக்கு எப்போதும் சாதகம் என்று நம்புகிறவர்களுக்கு, பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வு நல்ல பாடம். இரண்டரை வயதுவரை ஒரு குழந்தைக்கு டயப்பர் பயன்படுத்தினால் ஏறக்குறைய 550 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு நிகரான வெப்பவாயு. சராசரி வீட்டில் துவைத்துப் பயன்படுத்தும் துணிக்கு 570 கிலோ. துணி தோற்றது போலத் தெரியும். ஆனால் அந்த ஆய்வே மேலும் சொல்கிறது: எல்லாவற்றையும் மின் உலர்த்தியில் போட்டால் துணியின் கணக்கு 43 விழுக்காடு கூடும், 90 டிகிரி வெந்நீரில் துவைத்தால் 31 விழுக்காடு கூடும், மெஷின் நிறையப் போட்டு, வெளியே கொடியில் காயவைத்து, அதே துணியை இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் 40 விழுக்காடு குறையும். 2023-இல் அங்கே புதுப்பித்த ஆய்வில் துணியின் வெப்பவாயுக் கணக்கு டயப்பரைவிட ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவு. இங்கிலாந்தில் முயன்று செய்ய வேண்டிய கொடிக் காயவைப்பு நமக்கு அன்றாடம். ஏற்கெனவே உடுத்திப் பயன் முடிந்த வேட்டி என்பதால் பருத்தி விளைவித்த செலவும் புதிதாகச் சேராது. குழந்தை வளர்ந்தபின் அது வண்டி துடைக்கவும் தரை துடைக்கவும் போகும். துணி என்றால் ஏழ்மை என்ற எண்ணத்துக்கும் ஒரு பதில் உண்டு. 1938 முதல் தாய்மார்களுக்கு அரசே பெட்டி கொடுக்கும் பின்லாந்து, 1969-இல் அதில் டயப்பரைச் சேர்த்தது. 2006-இல் அதை எடுத்துவிட்டு மறுபடி துணியை வைத்தது. அந்த நாட்டுக்கு டயப்பர் வாங்க வக்கில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் பற்றிய ஆட்சேபம் இன்னும் கனமானது. பன்னிரண்டு துண்டை ஒழுங்காகத் துவைக்க நாலு குடம், அதாவது 60 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வைத்திருக்கும் அளவு 55 லிட்டர். பிறந்த குழந்தை வீட்டில் ஒரு பெரிய ஆளின் தண்ணீரைக் கேட்கிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்களில், துணியே கட்டுங்கள் என்று ஒரு தாயிடம் சொல்லியிருந்தால் அது அறிவுரையாக இருந்திருக்காது. கடைசி அலசல் தண்ணீரை அடுத்த முறை ஊறவைக்க எடுத்து வைப்பதால் ஒரு குடம் மிச்சமாகும். சிறுநீர்த் துணியையும் மலத் துணியையும் தனித்தனியாகப் போட்டால் இன்னொன்று மிச்சமாகும். அதற்கு மேல் குறைத்தால் சோப்பு தங்கித் தோல் புண்ணாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரச்சினை தலைகீழாகும்: தண்ணீர் தாராளம், வெயில் இல்லை. அடுக்குமாடியின் இரண்டடிப் பால்கனியில் 36 துண்டு காயாமல் வீச்சமடிக்கும். அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டுவதைவிட அந்த நாட்களில் டயப்பரே மேல். துணியின் சிக்கனம் வெயிலும் தண்ணீரும் இடமும் இருக்கிற இடத்தில் செல்லும் நாணயம். எல்லா ஊரிலும் எல்லா மாதமும் அது செல்லாது.

ஆகவே துணி முழுக்க, டயப்பர் முழுக்க என்ற இரண்டு பிடிவாதமும் கணக்கில் நிற்காது. பகலில் துணி, இரவில் இரண்டு டயப்பர், பயணம், தடுப்பூசி நாள், மழைநாள், வீட்டில் ஆள் இல்லாத நாள் எல்லாம் டயப்பர் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு இரண்டு டயப்பருக்கு மூன்று மாதத்தில் 1,800 ரூபாய் போகும். கூலி கழித்து மிஞ்சிய 2,220-இல் அதைக் கழித்தாலும் நானூறு ரூபாய் நிற்கிறது. துவைக்கும் துணி குறைவதால் கூலியும் கொஞ்சம் குறையும். அதோடு, தையல் ஆறாத ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் படுக்கை விரிப்பு மாற்றாத தூக்கம் கிடைக்கிறது. துணியின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழிகளும் நம் வழக்கத்தில் உண்டு. தூங்கி விழித்தவுடன் குழந்தை சிறுநீர் கழிக்கும் என்று தெரிந்து துணியை அவிழ்த்துவிடுவது ஒன்று. பழஞ்சேலைத் தூளியில் ஒன்றும் கட்டாமல் போட்டு, சொட்டுவதைத் தரையில் துடைத்துக்கொள்வது இன்னொன்று. கழுத்து நின்றபின், காலை நீட்டி உட்கார்ந்த பாட்டியின் பாதங்களுக்கு நடுவில் உட்காரவைத்து மலம் கழிக்கப் பழக்குவது மூன்றாவது. இவற்றுக்கு ரூபாய்ச் செலவில்லை. கவனிக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டில் இல்லாதவர்கள் உண்டு. 2017-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கொண்டுவந்த 26 வார மகப்பேறு விடுப்பு நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் எட்டுகிறது. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சில வாரங்களில் திரும்பும் தாய்க்குத் துணியும் மலிவில்லை, டயப்பரும் மலிவில்லை. அவளிடம் சிக்கனம் போதிப்பதைவிடக் கேவலம் வேறில்லை.

மற்ற வீடுகளில் கேள்வி ஒன்றே ஒன்றுதான். சிக்கனம் வேண்டும் என்று முடிவெடுத்தவர் துவைக்கிறாரா? மாமியார் முடிவெடுத்து மருமகள் துவைத்தாலும், கணவர் கணக்குப் பார்த்து மனைவி கசக்கினாலும், மிஞ்சிய காசு ஒருவர் பையிலும் செலவான மணிக்கட்டு இன்னொருவர் உடம்பிலும் இருக்கும். கூலிக்கு ஆள் வைத்துத் துவைத்தால் துணி வழி நட்டமில்லை என்பதை மேலே பார்த்தோம். கூலி கொடுக்க மனமில்லை என்றால் கையைக் கொடுக்க வேண்டும். பாலூட்டுவதைத் தவிர, பிறந்த குழந்தைக்கான எல்லா வேலையையும் ஆண் செய்ய முடியும். லங்கோடு துவைப்பதற்கு எந்தச் சுரப்பியும் தேவையில்லை. வேட்டியைக் கிழித்துக் கொடுத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று அப்பாவும் தாத்தாவும் இவ்வளவு காலம் இருந்துவிட்டார்கள். அந்த வேட்டியைக் கட்டியிருந்தவரே காலையில் பக்கெட்டோடு கொல்லைப்புறம் போனால், துணி எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சிக்கனமாகிவிடும்.